தண்ணி வரும் நாள்

பில்லூர்த் தண்ணி வந்து பத்து நாள் ஆச்சு.
சம்ப் மூடியைத் தூக்கி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அடியில் என் முகம் மட்டும் கொஞ்சம் கிடந்தது.

அரிசிம்பருப்பு குக்கரில். மூணு விசில்.
ரெண்டு டப்பாவில் அள்ளி,
மேலே நெய் விட மறந்து,
கேட் வரை போய்த் திரும்பி வந்து விட்டு,
வண்டியைக் கிளப்பும்போது எட்டு அஞ்சு.
கணபதியிலிருந்து சின்னவேடம்பட்டி
அப்படியொன்றும் தூரமில்லை.
வீட்டை மனசிலிருந்து இறக்கி வைக்கத்தான்
அந்தத் தூரம் பத்தாது.

நான் பம்பு சோதிக்கிறவள்.
எங்கெங்கோ போகும் மோனோபிளாக்கும் போர்வெல் மோட்டாரும்
என் கையெழுத்து இல்லாமல் பெட்டிக்குள் போகாது.
எவ்வளவு உயரம் ஏற்றும்,
நொடிக்கு எத்தனை லிட்டர் கொட்டும்,
இழுத்த கரண்டில் எத்தனை பங்கு தண்ணியாச்சு,
எல்லாம் என் நோட்டில் உண்டு.
தொட்டியில் எடுத்துத் தொட்டியிலேயே ஊற்றும்
நாள் முழுக்க அதே தண்ணி.
பார்த்துக்கொண்டே நிற்கையில் சில சமயம்
சிங்க்கில் கிடக்கும் போசி ஞாபகம் வரும்.

இன்னிக்குப் புனேயிலிருந்து இன்ஸ்பெக்டர்.
ஏழரை ஹெச்பி ஓட ஆரம்பித்ததும்
பையில் போன் அதிர்ந்தது.
தெரு குரூப்பில் ரம்லத் அக்கா:
"வால்வு தொறந்தாச்சு. சித்தங்கூரந்தான் வரும்."

குழந்தைவேல் வீட்டில்தான் இருந்தார்,
ஹாலில், லேப்டாப்பும் ஹெட்செட்டுமாக.
கூப்பிட்டேன்.
"ஓஸ் எங்க இருக்குது?"
மாடிப்படிக்கு அடியில், ஒன்பது வருசமாக.
"க்ளிப்பு?"
அதே வாளியில்.
"சேர மாட்டேங்குதே, பீச்சி அடிக்குது!"
சைக்கிள் ட்யூப் துண்டைச் சுத்துங்க.
"ட்யூபா? அது எங்க?"
ஒவ்வொரு கேள்வியும் சின்னது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இவ்வளவு சின்னதா என்றிருந்தது,
அடுத்த கேள்வி வரும் வரைக்கும்.

"மேடம், டிஸ்சார்ஜ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"ரெண்டு டிரம், ஒரு அண்டா" என்றேன்.

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மீட்டரைப் பார்த்துச் சரியான எண்ணைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.
பேனாவை மூடாமலே,
"எங்கள் வீட்டிலும் காலையில் ஒரு மணி நேரந்தான்" என்றார்.
யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

பொழுதோட வீடு வந்தால்
ஹாலில் கால் வைக்கிற இடமெல்லாம் ஈரம்.
என் நல்ல துண்டு வாசலில் மிதியடியாகக் கிடந்தது.
சம்ப் விளிம்பு வரை தளும்பியது.
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு
பந்தயம் ஜெயித்தவர்போல நின்றார்.
"பாரு, உனக்காகப் பிடிச்சு வெச்சுட்டேன்."
மதில் மேலாக ரம்லத் அக்கா:
"வீட்டுக்காரரே நின்னு பிடிச்சாரு.
குடுத்து வெச்சவ நீ."
குடுத்துத்தான் வைத்திருக்கிறேன்
ஒன்பது வருசத்துத் தண்ணி நாளையெல்லாம்.

உனக்காக.
அந்தச் சொல்லை ஒரு டம்ளர் தண்ணியோடு
விழுங்கப் பார்த்தேன்.
தண்ணி இறங்கியது.

நூற்றுக்கு அறுபது தேறினாலே
நல்ல பம்பு என்று முத்திரை குத்துகிறவள் நான்.
மிச்ச நாற்பது
உராய்வு, சூடு, இரைச்சல்.
அவர் கையில் க்ளிப்பு கிழித்த கீறல்.
மஞ்சள் வைத்துவிட்டேன்.
சண்டை போடும் அளவுக்குக் கோபமில்லை,
சும்மா விடும் அளவுக்குக் கம்மியுமில்லை.

பிரிட்ஜ் மேலிருந்த காலண்டரை எடுத்து
பதினோரு நாள் எண்ணி
வட்டம் போட்டு
உள்ளே "கு.வே." என்று எழுதினேன்.
பக்கத்தில் வந்து பார்த்தார்.
"அன்னிக்கு எனக்கு மீட்டிங் இருந்தா?"
"எனக்கும்" என்றேன்.

ராத்திரிக்கு வைத்த குக்கர்
உள்ளே விசில் அடித்தது.
எத்தனையாவது என்று
ரெண்டு பேருமே எண்ணவில்லை.