எந்தப் பக்கம் நல்லது

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
எடைமேடைக் குடில் என்னுடையது.
லாரி ஏறும், நிற்கும், எண் ஒளிரும்.
நண்டுப் பெட்டிகளோடு பதினெட்டு டன்,
இறக்கிவிட்டுத் திரும்புகையில் ஒன்பதேகால்.
கழித்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
இருபத்திரண்டு வருடமாக எண்களோடு
எனக்குச் சண்டை வந்ததில்லை.

அக்டோபரில், கயிற்றைப் பிடிக்காமல்
சதுக்கத்தைக் கடந்தேன்.
காற்று என்னைக் கொண்டுபோய்
ரொட்டிக்கடைச் சுவரில் இறக்கியது.
இடது தோளில் இரண்டு இடம்.

"எழுதி வையுங்கள்" என்றாள் பிசியோதெரபிக்காரி.
"எழுதாத வலி எல்லா நாளும் ஒரே உயரம்."

செயலியில் தயாராக இருந்தவை
எடை, இடுப்பு, இரத்த அழுத்தம், தூக்கம்.
இவற்றில் எதுவும் எனக்கு உடையவில்லை.
அடியில் ஒரு கூட்டல் குறி: புதிய வகை.
பெயர் கேட்டது.
'கை எதுவரை எட்டும்' என்று அடித்தேன்.
அலகு கட்டாயம் என்றது.

பாகை எனக்குப் பழக்கமில்லை.
சுவரில் சாண் போட்டுப் பார்த்தேன்:
அளக்கும் கையும் அளக்கப்படும் கையும்
ஒரே சுவரில் ஒத்துப்போகவில்லை.
கடைசியில், அலகு: அலமாரித் தட்டு.
ஒன்றில் உப்பு, இரண்டில் மாத்தே இலை,
மூன்றில் சர்க்கரை.
நான்கில், விவாகரத்தில் எனக்கு வந்த மீன்சட்டி.
அதை எட்டும் தேவை இதுவரை யாருக்கும் வரவில்லை.
முதல் பதிவு: முக்கால் தட்டு.

அடுத்த வகை, ஸ்வெட்டர் மாட்டுவது.
அலகு: வானொலிப் பாட்டு.
இரண்டரைப் பாட்டில் தொடங்கி
மூன்று வாரத்தில் ஒன்றேகாலுக்கு வந்தேன்.
செயலி சிவப்பில் கீழ்நோக்கி அம்பு விட்டு
'மனம் தளராதீர்கள், சுலேமா' என்றது.

தளர்ந்தது யார்?
அமைப்புகளுக்குள் அரைமணி நேரம் தேடி
அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தேன்:
ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா?
ஒரு தட்டு. சிவப்பு முழுக்கப் பச்சையாயிற்று.
என் தோளுக்கு அது தெரியாது.

மூன்றாவது வகை, ஜிப்.
இந்த ஊர்க் கோட்டுக்கு இரண்டு கை வேண்டும்.
பக்கத்து வீட்டு எரிபெர்த்தோ செயுகெபில்
படகுத்துறை இரவு வேலை முடிந்து
ஆறு மணிக்கு வருவான்.
ஆறேகாலுக்கு அவன் கதவைத் தட்டுவேன்.
தாடைவரை இழுத்துவிட்டு
அன்றைய காற்றைச் சொல்வான்: "எண்பது."
"சரி" என்பேன்.
அவ்வளவுதான் பேச்சு.
அலகு: தட்டல், வாரத்துக்கு.
ஆறு. ஆறு. ஐந்து. ஆறு.

ஜனவரியில் கை இரண்டரைத் தட்டுக்கு ஏறியது.
மேசை விளிம்பில் கோட்டை அழுத்தி
நாலு தடவை முயன்றால் ஜிப் தானே ஏறுகிறது.
அந்த வாரம் தட்டல் மூன்று.
செயலி கேட்டது:
இந்த வகைக்கு எந்தப் பக்கம் நல்லது?

பதில் போடாமல் வேலைக்குப் போனேன்.
லாரி இல்லாத நேரத்தில்
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம்
அதன் கண்ணில் படாது.
அறுபது என்றது, எண்பது என்றது,
மறுபடி அறுபது.

செவ்வாய்க்கிழமை ஜிப்
முதல் முயற்சியிலேயே தாடைக்கு வந்தது.
மணி ஆறு பத்து.
கொஞ்சம் இறக்கினேன்.
திரும்ப ஏற்றினேன்.
ஆறு இருபது ஆகிவிட்டது.

கதவு தட்டும் சத்தம், வெளியிலிருந்து.
எரிபெர்த்தோ, கையில் துறைமுகக் கையுறையோடு.
என் தாடையைப் பார்த்தான், ஜிப்பைப் பார்த்தான்.
"நூற்றிப்பத்து" என்றான்.
"கயிற்றைப் பிடித்துக்கொள்."

நான் தட்டியதைத்தான் அந்த வகை எண்ணும்.
இதை எதில் போட?
குடிலில் உட்கார்ந்து கூட்டல் குறியைத் தொட்டேன்.
பெயரை வெறுமையாக விட்டேன், ஏற்றுக்கொண்டது.
அலகு கட்டாயம் என்றது.

வெளியே ஹாரன்.
மேடையில் லாரி ஏறி நின்றிருந்தது.
பதினேழு டன் நானூற்றிநாற்பது,
சரக்கோடு.