பத்தடிக் கழி

செவ்வாய்க்கிழமைகளில் நான் சாவேன்.
வெள்ளிக்கிழமைகளில் மாட்டேன்.
இரண்டுக்கும் ஒரே பகடைப் பையைத்தான் கொண்டுபோகிறேன்.

செவ்வாய், ஆர்விட் வீட்டு நிலவறை.
டூலூத் நகரத்துப் பனியைப் பகலெல்லாம்
லாரியால் வழித்துத் தள்ளிவிட்டு
இரவில் எங்களைக் குழிக்குள் தள்ளுகிறவன்.
அங்கே ஓர் ஆளென்றால் உள்ளங்கை அகல அட்டை:
வீரன். வாள். கயிறு. உயிர் நான்கு.
பெயர் வைக்கட்டுமா என்று முதல்நாள் கேட்டேன்.
"ரெண்டாம் நிலைக்கு வரட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்."
மூன்றாவது அறையில் சிலந்தி.
தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் ஆட்டங்கள்
உலகில் எங்கோ உண்டாம்.
இங்கே தாயம் விழுந்தால் விஷம்.
"அடுத்த அட்டை" என்றான்,
சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி.
இரங்கல் கூட்டம் அவ்வளவுதான்.

வெள்ளி, பாகூ வாங்கின் மாடி.
என் மந்திரவாதினிக்குப் பன்னிரண்டு பக்கம் வரலாறு,
எரிந்த ஊர் இரண்டு, ஏமாற்றிய காதலன் ஒருவன்,
காக்கை என்றால் பயம்.
விழுந்தால் சாக மூன்று தவணை தருவார்கள்,
என் வங்கி தராத தவணை.
அதுவும் தப்பினால் வைரம் கொடுத்து
உயிரைத் திரும்ப வாங்கலாம்.
ஒருமுறை வாயில்காக்கும் பூதத்தோடு
இரண்டு மணி நேரம் பேசினோம்.
யாரும் வாளை உருவவில்லை.
வெல்டிங் பட்டறை டெல்பர்ட் அழுதான்.
பூதம் இப்போது எங்களுக்குச் சமைக்கிறது.

அங்கே உயிரை அழித்து அழித்து எழுதி
அட்டையில் ஓட்டை விழும்.
இங்கே திரையில் எண் மாறும்,
முன்பு என்னவாக இருந்தது என்று தெரியாது.
எது மேல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.
இதே விஷயத்துக்காக ஒரு காபிக்கடையில்
நாற்காலியைக் கவிழ்த்துவைக்கும்வரை கத்தியிருக்கிறேன்,
இரண்டு பக்கமும் நானே.

ஜனவரியில் ஒரு வெள்ளி.
ஏரிக் காற்று ஊரைப் புரட்டிப்போட்ட ராத்திரி.
பாகூவின் ஆட்களில் மூன்று பேர் வரவில்லை.
தெருவைத் தானே வழித்துக்கொண்டு ஆர்விட் வந்தான்,
பூட்ஸில் உப்போடு.

"உன் ஆள் யார்? எதை இழந்தான்?
எதற்குப் பயப்படுவான்?" பாகூ கேட்டாள்.
யோசித்தான்.
"அவன்கிட்ட பத்தடிக் கழி இருக்கு."
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

நடைபாதை. ஈரக் கல். இருட்டு.
"தரையைக் கழியால் தட்டுறேன்."
"கூர்நோக்குக்குப் பகடை போடு."
"தெரியுதான்னு நான் கேக்கலையே. தட்டுறேன்.
இடப்பக்கம், மூணாவது கல்லு. ரெண்டு தட்டு.
சத்தம் எப்படி இருக்கு?"

பாகூ மடிக்கணினியைப் பார்த்தாள்.
அதில் அந்தக் கல்லுக்கு ஓர் எண் இருந்திருக்கும்,
சத்தம் இல்லை.
மெல்ல மூடினாள்.
"கீழே ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு" என்றாள்.
ஒருவரும் சிப்ஸ் கடிக்கவில்லை.
கல் கல்லாக முப்பதடி போனோம்.
கடக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

மறுகரையில் பூதம் கஞ்சி கிண்டியது.
பாகூ விடுவதாக இல்லை.
"அந்தக் கழி அவனுக்கு ஏது?"
ஆர்விட் பகடையை உருட்டினான்,
எண்ணுக்காக அல்ல, விரலுக்கு வேலையாக.
"அவனே வெட்டினது. ஒரு வசந்தத்துல.
அவன் தம்பி பனிக்கட்டி மேல முன்னால நடந்தான்.
கையில ஒண்ணும் இல்லாம."

ஆட்டத்தில் அதுவரை
ஏரி எதுவும் வந்திருக்கவில்லை.

டெல்பர்ட் வாயைத் திறந்து மூடினான்.
"உன் முறை" என்றாள் பாகூ என்னிடம்,
கொஞ்சம் பொறுத்து.

அடுத்த செவ்வாய் நிலவறையில்
எல்லாம் பழையபடி. புது அட்டை, உயிர் மூன்று.
"பெயர் இப்ப வேணாம்" என்றான்.
வாளை அடித்துவிட்டுக் கழி என்று எழுதினேன்.
ஆர்விட் எட்டிப் பார்த்து
விலையைக் கழித்துக்கொண்டான்.

இரண்டாவது அறையில் செத்தேன்.
கூரையிலிருந்து வந்தது.