கதவைச் சாத்து

நீ செபிக்கையில் உன் அறைக்குள் போ,
கதவைச் சாத்து என்று
விபூதிப் புதனன்று வாசித்தார்கள்.
திராய்மடுவில் எங்களுக்குத் தந்த வீட்டில்
முன்கதவைச் சாத்தினால் காற்று வராது.
அறைக்கதவைக் கறையான் தின்று
இப்போது சீலைதான் தொங்குகிறது.
மிச்சம் குளியலறை.

ஆகவே சுவாமி,
இரவு ஒன்பதுக்கு
மகன் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டுகையில்
கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து
பைப்பைக் கொஞ்சமாய்த் திறந்துவிட்டு
உம்மோடு பேசுகிறேன்.
தண்ணீர்ச் சத்தத்துக்குள் என் சத்தம் போய்விடும்.

கேட்பது ஒன்றுதான்.
அடுத்த வீட்டு மெல்டா
சீட்டுக்காசு ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத்
தின்று ஏப்பம் விட்டவள்,
அது அவள் வயிற்றில் கல்லாய்க் கிடக்கட்டும்.
இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்வதில்லை.
ஒவ்வொரு நாளும் புதிதாய் வருகிறது.
செபம் என்றால் இப்படியல்லவா வரவேண்டும் என்று
முதல் கிழமை
கொஞ்சம் பெருமையாய்க்கூட இருந்தது.

இரண்டாம் வெள்ளி
சிலுவைப்பாதை எங்கள் ஒழுங்கைக்கு வந்தது.
படலைக்கு ஒரு நிலை.
எனக்கு ஒன்பது, மூன்றாம் முறை விழுதல்.
கதிரையில் வெள்ளைத்துணி, ஜாம் போத்தலில் மெழுகுதிரி.
அவளுக்குப் பத்து, உடை களைதல்.
லிஸ்ட் போட்ட கிறகோரி மாஸ்ரருக்கு
எங்கள் கதை தெரியாது,
அல்லது தெரியும்.

ஏழாம் நிலையில் கரண்ட் போனது.
ஒலிபெருக்கி செத்ததும்
தொண்டைகள் மட்டும் மிஞ்சின.
எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி.
எத்தனையோ வருஷமாய் வாயில் கிடக்கிற சொல்,
இருட்டில்தான் காதில் விழுந்தது:
எங்கள்.

நீர் இதற்குள் இல்லை சுவாமி.
நீரும் சேர்த்தி என்றால் 'நம்' என்றிருப்போம்.
நீர் எதிரே நிற்கிறவர்.
இந்தப் பக்கம்
மீன்வாடிச் சூசைப்பிள்ளை,
குடித்துவிட்டு வந்தாலும்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் அவருடைய மருமகன்,
யாரோ ஒரு இருமுகிற பிள்ளை, நான்,
என்னிலிருந்து ஒரு முழம் தள்ளி மெல்டா.
அவளை விலக்கிவிட்டுச் சொல்ல
'என்' என்ற ஒரு சொல்தான் இருந்தது.
சொன்னேன், மெதுவாக.
கூட்டத்துச் சத்தத்தில் அதுவும்
'எங்கள்' மாதிரியே போனது.

என் படலையடியில் முழந்தாளிட்டு எழும்பும்போது
சிக்குன்குனியா விட்டுவைத்த காலோடு அவள்
கேட்காமலே என் தோளைப் பிடித்தாள்.
பாரம் முழுவதையும் போட்டு எழும்பினாள்.
தட்டிவிடவில்லை நான்.
தாங்கிப் பிடிக்கவும் இல்லை.

பத்தாம் நிலை.
கதிரைக்குப் பதில் தையல் மேசை வைத்திருந்தாள்,
மெஷின் இல்லாத மேசை.
நடுவில் உள்ள ஓட்டை தெரியாமல்
துணியை இழுத்து இழுத்து விட்டிருந்தாள்.
காற்று வந்து அந்த இடத்தில் மட்டும்
துணி உள்ளே போய்ப்போய் வந்தது.
மாஸ்ரர் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தார்.
என்ன வாசித்தார் என்று தெரியாது.

மறுகா வீட்டுக்கு வந்து
ஒன்பது மணிக்கு வாளியைக் கவிழ்த்தேன்.
பைப்பில் கை வைக்கமுன்
மதிலுக்கு அங்கால் பைப் திறக்கிற சத்தம்.
தினமும் கேட்கிறதுதான்.
இந்த நேரத்தில் இவளுக்கென்ன குளிப்பு என்று
ஏசியும் இருக்கிறேன்.

கடன் கடன்தான் சுவாமி,
அதை மறக்கச் சொல்லவேண்டாம்.
அந்தக் கல்லை மட்டும்...

இன்றைக்குப் பைப்பைத் திறக்கவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம்
பென்சில் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.