கீழ்க்குரல்

நாங்கள் நால்வர்.
பிரிஸ்கா மேலே, லுதோவிக் கீழே,
மிலேன் இஷ்டப்பட்ட இடத்தில்,
மிச்சத்தில் நான்.

சேந்தாந்த்ரேயில், லுதோவிக்கின் அத்தை வீட்டுச்
சமையலறையில்தான் ஆல்பம்.
பழைய பிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது.
பிளக்கைப் பிடுங்கினால் மீன் கெட்டுவிடும் என்றாள் அத்தை.
சரி, அதுவே சுருதி.

மூன்றாம் பாட்டு ஒரு ஒற்றைச் செருப்பைப் பற்றி.
‘ஊசா இ லே, ஊசா இ லே’ என்று
கிரியோலில் தேடுவாள் பிரிஸ்கா.
எங்கே, எங்கே என்று நாங்கள் மூவரும்
மூன்று படியில் அவள் பின்னால் இறங்குவோம்.
பதினேழு தடவை சிரித்துக் கெடுத்தோம்.
பதினெட்டாவதில் எல்லாம் கூடிவந்த நேரம்
வெளியே புயல்காற்று;
ரெயூனியன் தீவுக்கே கரண்ட் போனது.

மடிக்கணினி மட்டும் விழித்திருந்தது.
பிரிட்ஜ் வாயை மூட,
காலடியில் தரையை உருவின மாதிரி.
யாரும் நிறுத்தவில்லை.
இல்லாத உறுமலின் மேல் நின்று
இருட்டில் செருப்புத் தேடினோம்.

கரண்ட் வந்தது.
பிரிட்ஜ் சுருதியில் இருந்தது.
நாங்கள் அரைப்படி கீழே.

மிலேன் வெடித்துச் சிரித்ததோடு
அப்படியே விட்டுவிட்டோம்.
உறையின் பின்பக்கம் கடைசி வரி:
‘கீழ்க்குரல் – பிரிட்ஜ்.’

லுதோவிக் இன்னும் எங்களோடு
சரியாகப் பேசுவதில்லை.
பாடுகிறான்.