கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

என் முன்கையைச் சுட்டது ஆட்டுக்கொழுப்பு.
கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில்
பதினாறு பேருக்குக் காலைச் சாப்பாடு.
வாணலி சாய்ந்தது, அவ்வளவுதான்.

ஒரு விலங்கு செய்ததை
இன்னொன்று சரிக்கட்டும் என்றான்
ஈமு வளர்க்கும் டாரில் பிராம்வெல்.
அவன் எண்ணெயில் நாயின் காது ஆறியதாம்.
டிராக்டர் இருக்கையின் வெடிப்புகூட
மூடிக்கொண்டதாம்.

அடிலெய்டு மருத்துவமனையில்
நாயின் காது செல்லாது.
இலாரியா என்கிற நர்ஸ்
என் தழும்பின் குறுக்கே
நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.
கோட்டுக்கு மேலே வெள்ளை மூடிச் சீசா.
கீழே சாம்பல் மூடி.
ஒன்றில் ஈமு, மற்றதில் ஈமு இல்லாத ஏதோ.
"எது எதுவென்று எனக்கும் தெரியாது" என்றாள்.
தெரியாததை இவ்வளவு பெருமையாகச் சொல்லி
நான் கேட்டதே இல்லை.

காலையும் இரவும் இரண்டிரண்டு சொட்டு.
பாதிக்கு ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும்.
பதினைந்து நாளுக்கொருமுறை
கோதுமைத் தாள் காய்ந்து கிடக்கும் வழியே
நாலு மணிநேரம் வண்டி ஓட்டிப் போவேன்.
சிவப்பு எத்தனை சிவப்பு என்று
ஒரு வண்ண அட்டையைக் கையோடு வைத்துப் பார்ப்பாள்.
மேடு எத்தனை மில்லிமீட்டர்,
அரிப்புக்குப் பத்தில் எத்தனை மார்க்?
பகலில் மூன்று.
இரவு இரண்டு மணிக்குக் கேட்டிருந்தால்
பதினொன்று சொல்லியிருப்பேன்.

வெள்ளை மூடியில்
நனைந்த இறகின் வாடை இருந்தது.
டாரிலின் வேலியோரம் வீசுமே, அதே வாடை.
போதாதா?
மேல்பாதியை வானொலியில்
மழைச்செய்தி முடியும்வரை தேய்த்தேன்.
எங்கள் பக்கம் மழை இல்லை என்று சொல்வதற்கு
அவர்கள் நிறைய நேரம் எடுத்துக்கொள்வார்கள்.
கீழ்ப்பாதிக்குப்
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்
முகம் கழுவுகிற அவசரம்.

ஆறாம் மாதம் மேல்பாதி
ரொட்டி மாவுபோல் இளகிவிட்டது.
கீழே இன்னும் கயிறு கயிறாக.
டாரில் என் கையைப் படம்பிடித்துக்
கடை ஜன்னலில் ஒட்டிவிட்டான்.

பிறகு கடிதம் வந்தது.
வெள்ளை மூடி: கனோலா எண்ணெய்,
எங்களைக் குழப்பவென்றே கலந்த மணம்.
ஈமு, சாம்பலில்.
நாற்பத்தோரு பேரின் கைகால்களிலும் சேர்த்து
இரண்டுக்கும் இடையே
சொல்லும்படி வித்தியாசம் எதுவும் இல்லையாம்.

இலாரியாவுக்குப் போன் போட்டேன்.
மழைச்செய்தியைப் பற்றிச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
விசைப்பலகைச் சத்தம் மட்டும்.
"உங்கள் கையை எடுத்துவிட வேண்டியிருக்கும்" என்றாள்.
மூச்சு நின்றது எனக்கு.
"அட்டவணையிலிருந்து" என்று சேர்த்துக்கொண்டாள்.
திட்டவில்லை.
எத்தனை நிமிடம், எத்தனை அழுத்தம்
என்று மட்டும் கேட்டுக்
குறித்துக்கொண்டாள்.

படத்தை எடுத்துவிடு என்று
டாரிலிடம் சொல்லிப் பார்த்தேன்.
"ஆறியது உண்மைதானே?"
உண்மைதான்.
அவன் சரக்கு தொட்ட பாதி
சட்டைக் கைக்குள் இருந்தது.
பொத்தானைக் கழற்றிக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.
"இதற்கு இன்னும் கொஞ்சம்
எண்ணெய் போட்டிருக்கலாம்" என்றான்.