சத்தம் வந்ததா

இடதுகரைப் பொதுநோக்கு மண்டபத்தில்
இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.
மேஜர் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார்:
நிறம், உயரம், திசை, நேரம், சத்தம்.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
சிங்களம் எங்கே படித்தது என்று கேட்டார்.
வெலிக்கந்தையில் என்றேன்.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு எட்டு நாற்பதுக்கு
முத்தையன்கட்டுக் குளத்துக்கு மேலே
ஒரு வெளிச்சம் நின்றது.
நின்றது, பதினொரு நிமிடம்.
பிறகு இல்லை.

முதலில் பட்டக்காரப் பொடியனைத்தான் பிடித்தார்கள்.
டிலக்சனின் எட்டுமூலை
வாலில் கோத்த சின்ன பல்புகளோடு
சான்று ஒன்று என்று துண்டு ஒட்டி மேசையில் கிடந்தது.
அண்டைக்குக் காத்தே இல்லை சேர், என்றான்.
மொழிபெயர்த்தேன்.
படிவத்தில் காற்றுக்கு இடமில்லை.

வலை போடப் போயிருந்த சத்தியசீலன்
கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"பரா இல்லை.
பரா எண்டால் ஆடி ஆடி இறங்கும், மரங்களின்ர நிழல் நடக்கும்.
இது இறங்கேல்லை.
வண்டும் இல்லை, வண்டு இரையும்.
கிபிர் எண்டால் வெளிச்சத்துக்கு முதலே..."
அவர் நிறுத்தினார்.
நானும் அந்த இடத்தில் நிறுத்தினேன்.
வண்டு என்றால் என்ன, மேஜர் கேட்டார்.
பூச்சி என்றேன்.
பிழையான மொழிபெயர்ப்பு என்று யாரும் சொல்லமுடியாது.

கெங்காதேவி அடையாள அட்டையை
விரலிடுக்கில் பிடித்தபடியே இருந்தா.
சத்தம் வந்ததா?
"அதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான்.
வெளிச்சத்தைப் பாக்கேல்லை,
சத்தம் எப்ப வருமெண்டு எண்ணிக்கொண்டு நிண்டனான்.
முந்நூறுக்கு மேல எண்ணிப்போட்டன்."
எங்கே நின்றீர்கள்?
"வாழைக்குள்ள."
ஏன் வாழைக்குள்?
"அதிலதான் முந்தி பங்கர் இருந்தது.
கால் தன்பாட்டில போட்டுது."
இடம்: வாழைத்தோட்டம், என்று எழுதினார் மேஜர்.

கடைசியாக, காவலரணில் நின்ற சிப்பாய்.
ஜயலத். கொபேகனைப் பக்கத்து ஊர்.
சண்டை முடியும்போது ஐந்தாம் வகுப்பு.
துவக்கைச் சாய்த்துவிட்டு போனை எடுத்திருக்கிறான்.
வீடியோவைப் போட்டுக் காட்டினான்.
முழுக்கக் கறுப்பு.
தவளைகள். இடைக்கிடை அவனுடைய மூச்சு.
மேஜர் கேட்டார், என்னதான் கண்டாய்?
அவன் பூட்ஸைப் பார்த்தபடி
லஸ்ஸனய் சேர், என்றான்.

மேஜர் அதை எழுதவில்லை.
அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையுமில்லை.
ஏனோ, நான் சனத்தின் பக்கம் திரும்பி
வடிவாய் இருந்ததாம், என்றேன்.

மின்விசிறியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பின்வாங்கிலிருந்து கெங்காதேவி,
எண்ணிப் பார்த்துச் சொல்வதுபோல,
"ஓம், வடிவுதான்" என்றா.

முடிவு என்ற கட்டத்தில்
ஒரு சிறுகோடு இழுத்தார்கள்.
பட்டம் ஜீப்பில் ஏறியது. வால் வெளியே தொங்கியது.
சந்திமட்டும் டிலக்சன் பின்னால் ஓடினான்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்:
இடம், கட்டிலுக்குக் கீழே.
திசை, கதவின் அடிப்பக்கம்.
சீமெந்தில் விரலளவு அகலத்தில் வந்து கிடந்தது.
நிறம், பால்.
கையை நீட்டினேன்.
தொடவில்லை.