சேதம் எப்படி நேர்ந்தது?

வெண்ணெய்த் தட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே
சமையல் மேசைமேல் கிடக்கிறது சைலன்சர்.
ஒரு சாண் நீளம். கறுப்பு.
எடுத்து ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுங்குகிறது,
குழந்தை விழுங்கிய சில்லறை போல.

"பத்து நிமிஷ வேலை" என்கிறான் டெஸ்மண்ட்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே
சூப்புக்கு உட்காருகிறவன்.
துவாடபெரே ஊரில் பாதி வேலிக்கதவுகள்
அவன் ஒட்டியவை.
மீதிப் பாதி
அவன் ஒட்டி, பிறகு விட்டுப்போனவை.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த தாள் வேறு பேசுகிறது:
திறக்காதே.
முத்திரை உடைந்தால் உத்தரவாதம் உடைந்தது.
அனுப்பிவிட்டு ஆறு வாரம் பொறு.

ஆறு வாரம்.
ஏப்ரல் பிறந்து நான்கு நாள்.
ஃபிண்ட்லேயின் டர்னிப் வயலில்
ராத்திரி ராத்திரியாக மான்கள் இறங்குகின்றன.
தலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி.
"சத்தத்தோடே சுடேன், ரோவினா,
எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறார் போனில்.
அவருக்கு இல்லைதான்.

எனக்கும் இல்லை.
என் இடக்காது இருபது வருஷமாகக் கிணற்றுக்குள் கிடக்கிறது.
இந்தக் கறுப்புக் குழாயை நான் வாங்கியது
வயலோரம் என் முழங்காலை ஒட்டி
மூச்சை அடக்கிப் படுத்திருக்கும்
பிப்புக்காக.
நாய்க்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டவர்களிடம்
வரிச்சலுகை உண்டு என்று பொய் சொன்னேன்.

படிவத்தில் ஏழு கேள்விகள்.
ஆறு சுலபம்: பெயர், முகவரி,
வாங்கிய நாள், எண், அந்த மாதிரி.
ஏழாவதுக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்,
புள்ளி புள்ளியாக.
சேதம் எப்படி நேர்ந்தது?

டெஸ்மண்ட் கம்பெனியைத் திட்டுகிறான்.
"மட்டமான சரக்கு" என்கிறான்.
நான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு
ஆமோதிப்பது போல் ஏதோ செய்கிறேன்.

அவன் திறந்தால் தெரிந்துவிடும்.
தன் கையெழுத்தையே தப்பாய்ப் படிப்பவன்,
இரும்பில் எழுதியதை மட்டும் தப்பாய்ப் படிக்கமாட்டான்.
அவர்கள் திறந்தாலும் தெரியும்.
ஆனால் அங்கே பார்க்கிறவர்
என் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கப்போவதில்லை.

அன்றைக்குப் பனி.
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
திருகிக்கொண்டே வந்தேன்,
மரை கடைசிவரை ஏறவில்லை என்று தெரிந்தது.
தெரிந்தது.
பெண்மான் தலையைத் திருப்பியது.
போதும் என்று நினைத்தேன்.
சோற்றுக்குச் சொல்லலாம் போதும் என்று.

தகரக் கூரையில் பாறை விழுந்தாற்போல் ஒரு சத்தம்.
மான் போய்விட்டது.
பிப் லாரிக்கு அடியில் புகுந்தது,
மத்தியானம்வரை வரவில்லை.

பேனாவை எடுத்தேன்.
சரியாகப் பூட்டவில்லை. அவசரம். தவறு என்னுடையது.
ஒரு வரிகூட முழுதாய் ஆகவில்லை.
மீதிப் புள்ளிகள் அப்படியே இருந்தன,
வேறு யாராவது நிரப்பட்டும் என்பது போல.
பில் வரும். வரட்டும்.

பெட்டியில் வைக்கும்போது
டெஸ்மண்ட் தாளை எடுத்து வாசித்தான்.
கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு வாசித்தான்,
தீப்பொறி பறக்கப்போகிறதோ என்று பயந்தவன் மாதிரி.
பிறகு மடித்து உள்ளே வைத்தான்.
"டேப் எங்கே?"

நான்கு பக்கமும், மூலைகளும், மூலைகளுக்கு மேலேயும்
சுற்றிச் சுற்றி ஒட்டினான்.
சமுத்திரம் தாண்டிப் போகும் பெட்டிக்குக்கூட
அவ்வளவு டேப் வேண்டாம்.
பத்து நிமிஷம் ஆயிற்று.

தபால் வண்டி திரும்பிய பிறகு
வாசலுக்கு இடப்புறமாய் நின்று
"பிப்" என்றேன்.

எழுந்தது. வாலை ஆட்டியது.
வலப்புறம் திரும்பி
அங்கே என்னைத் தேடியது.